சீர்த்தட்டோடு வந்த மாமன்

எங்கள் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் வரும், அடுத்து ஆல்பம் வரும். கல்யாண ஆல்பம், காதுகுத்து ஆல்பம், சடங்கு ஆல்பம். வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் வீட்டுக்காரிக்கு முகம் தொங்கிவிடும். பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது புதிதில்லை. ஆனாலும் வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிற வேலையில், அடுத்தவர் வீட்டுப் பிள்ளை ரோஸ் கலர் பாவாடையில் நிற்கிற படத்தைப் பார்க்க எனக்கென்ன தலையெழுத்தா என்று ஆரம்பத்தில் எரிச்சல்தான் வந்தது. எனக்கு எரிச்சல் சீக்கிரம் வரும். வாயும் கொஞ்சம் நீளம்.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஆட்களை ஏமாற்றியோ மிரட்டியோ கொண்டுபோய் அடைத்துவைத்து வேலை வாங்குகிற கொடுமை நம் மாநிலத்தில் எவ்வளவு இருக்கிறது, எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல ஓர் ஆய்வு. அரசாங்கம் அதைப் பார்த்துக் கொள்கை வகுக்கும் என்றார்கள். தாமிரபரணிக் கரை என் பங்கு. பாபநாசத்தில் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை ஊர் ஊராகப் போய், உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறதா, புரோக்கர் யாராவது வந்து கூட்டிப் போனானா என்று கேட்க வேண்டும்.

கேட்டேன். எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். "புரோக்கரா? அப்படி ஒருத்தனும் இங்கன வரல. முன்னப்பின்ன தெரியாதவன்கூடப் பிள்ளைய அனுப்புவமா? எங்கள என்னன்னு நெனச்சிய?" கோபித்துக்கொண்டு கதவைச் சாத்தியவர்களும் உண்டு. சென்னையில் இருந்த ஆய்வுத் தலைவருக்கு, நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவருக்கு, ஒரே சந்தோஷம். "திருநெல்வேலி சுத்தமா இருக்கு போலிருக்கே மேடம்" என்றார் போனில். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பல வீடுகளில் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கியது. தூக்கிப் போகிற பிள்ளையைக் காணவில்லை.

கல்லிடைக்குறிச்சியில்தான் அந்தம்மாவைப் பார்த்தேன். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் இலை பறித்தவள். தோட்டத்தை மூடி எல்லோரையும் மலையிலிருந்து இறக்கிவிட்டபோது இரண்டு பெண் பிள்ளைகளோடு கீழே வந்தாள். புருஷன் மேலேயே காலமாகிவிட்டான். கூடப்பிறந்த ஒரே அண்ணனும் அதற்கு முன்பே மஞ்சள் காமாலையில் போய்விட்டான். கன்னடியன் கால்வாய் ஓரம் ஒற்றை அறை வாடகை வீடு. கூலிக்கு அப்பளம் தேய்க்கிறாள். உளுந்து மாவு காய்ந்தால் வெடித்துவிடும் என்பதால் பேசும்போதும் குழவி நிற்காது. என் கேள்விகளுக்கெல்லாம் மாவைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

மூத்த மகள் எங்கே என்றேன். "மேக்க, ஒரு மில்லுல இருக்கா. அவ மாமா கூட்டிட்டுப் போனாவ." யாராவது புரோக்கரா என்றேன். "மாமான்னு சொல்லுதேன், புரோக்கருங்கிய?" சின்னவள் உள்ளே போய் ஆல்பத்தை எடுத்து வந்தாள். மூத்தவள் வயசுக்கு வந்த சடங்கு ஆல்பம். மாலை போட்ட பிள்ளைக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் நின்றார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய திருநீறு, கையில் பளபளவென்று ஒரு தட்டு. உன் அண்ணன் காலமாகிவிட்டதாகச் சொன்னாயே என்று கேட்டேன். அதற்குப் பிறகுதான் கதை வந்தது.

சடங்கு என்றால் எங்கள் பக்கத்தில் தாய்மாமன் இல்லாமல் நடக்காது. அவன் சீர் கொண்டு வரவேண்டும், அவன் போடுகிற மாலைதான் முதல் மாலை. மாமன் செத்துப்போயிருந்தால் அந்த முறையில் வேறொருவன் நிற்க வேண்டும். கீழே அவளுக்கு நாதியில்லை. தெருமுனையில் கட்டுகிற ஃபிளக்ஸ் போர்டை அச்சடிக்கிறவன், "தாய்மாமன் பேரு சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறான். இவள் முழித்திருக்கிறாள். அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் தாமரைப்பூப் படத்தைப் போட்டு நிரப்பிவிட்டான். போர்டு கட்டிய மறுநாளே இந்த மனிதர் வாசலில் வந்து நின்றிருக்கிறார். "போர்டப் பாத்தேன் தங்கச்சி. மாமன் பேரக் காணல. மனசு கேக்கல. அந்தக் கொறைய நான் தீக்கேன்" என்றாராம்.

"திருச்செந்தூர்லருந்து இலை விபூதி கொண்டாந்து பிள்ள நெத்தியில பூசினாவ. மேளம் வச்சு, பட்டு எடுத்து, ஏழு தட்டோட தெருவே பாக்க நடந்து வந்தாவ. இந்தத் தெருவுல எங்கள யாரும் எட்டிக்கூடப் பாக்காத நேரம் அது, அக்கா. அன்னைக்கித்தான் மனுசியா நிமிந்து நின்னேன்." குழவி உருண்டுகொண்டே இருந்தது. சீர் செய்த மாமன் பிள்ளையைக் கூட்டிப் போனால் அது அவர் உரிமை. அதை அனுப்பினது என்று எந்தத் தாயும் சொல்ல மாட்டாள். மகள் பேசுகிறாளா என்றேன். முதலில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசினாள், இப்போது போன் கிடைப்பதில்லை என்றாள். பொங்கலுக்கும் விடவில்லையாம்.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். பஸ்ஸில் திரும்பும்போது வீரவநல்லூரிலும் சேரன்மகாதேவியிலும் ஃபிளக்ஸ் போர்டுகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பூப்புனித நீராட்டு விழா, பிள்ளையின் படம், பெரியப்பா, சித்தப்பா, மாமன்மார் வரிசை. மாமன் வரிசை காலியாக இருந்தால் அந்த வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை. பிள்ளை யார், எந்தத் தெரு, பின்னால் நிற்க ஆள் உண்டா இல்லையா, எல்லாவற்றையும் நாமே வண்ணத்தில் அச்சடித்து முச்சந்தியில் கட்டிவைக்கிறோம். அந்த ஆளுக்கு எந்த வீட்டுக் கதவையும் தட்டித் துப்புக் கேட்க வேண்டிய தேவையே இல்லை.

புரோக்கர் இல்லை என்று சொன்ன வீடுகளுக்கு மறுபடி போனேன். இந்தத் தடவை புரோக்கர் என்ற சொல்லையே எடுக்கவில்லை. "பிள்ளை சடங்குக்கு மாமன் சீர் யார் செஞ்சாங்க?" என்று மட்டும் கேட்டேன். சண்டை போட்டுக் கதவைச் சாத்தியவர்கள் சிரித்துக்கொண்டே ஆல்பத்தை எடுத்து வந்தார்கள். சேரன்மகாதேவி ஆல்பத்தில் அவர் இருந்தார். முக்கூடல் போகிற வழியில் ஒரு வீட்டில் இருந்தார். ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்திலும் இருந்தார். அதே வெள்ளைச் சட்டை, அதே திருநீறு, அதே தட்டு. ஒவ்வொரு படத்திலும் கேமராவைப் பார்த்து நிதானமாகச் சிரித்தார். ஒளிந்து செய்கிறவன் என்றால் பிடிக்கலாம். வீடு வீடாக மாலையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டவனை என்ன செய்வது?

சாருக்குப் போன் போட்டுக் கொட்டித் தீர்த்தேன். பொறுமையாகக் கேட்டார். "உறவினர் மூலமா வேலைக்குப் போறதுக்குத் தனித் தலைப்பு இருக்கு மேடம். அதுல போடுங்க" என்றார். உறவினர் இல்லை சார், வேஷம் என்றேன். "அவங்க உறவுன்னு சொல்றாங்க இல்லையா? பதில் சொல்றவங்க சொல்றதைத்தான் நாம எழுத முடியும். நீங்க சொல்றது ஒரு கதை. கொள்கைக்குக் கதை போதாது." ஒரு வீட்டுத் தகவலை இன்னொரு வீட்டில் சொல்லக்கூடாது, அது ஆய்வு விதி என்றும் ஞாபகப்படுத்தினார். நல்ல மனிதர்தான். படித்த மனிதர். போனை வைத்ததும் வாயில் வந்த கெட்ட வார்த்தையை இங்கே எழுத முடியாது.

விதியை மீறினேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. சேரன்மகாதேவி வீட்டம்மாவிடம் கேட்டு அவள் ஆல்பத்தில் ஒரு பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். அன்று தெருவில் நுழையும்போதே சங்கதி தெரிந்துவிட்டது. சின்னவள் பெரிய மனுஷியாகி ஓலைத் தட்டி மறைவில் உட்கார்ந்திருந்தாள். மாமா போனில் பேசிவிட்டாராம். அடுத்த வெள்ளிக்கிழமை சடங்கு, சீர் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டாராம். சடங்கு முடிந்ததும் சின்னவளையும் அக்கா இருக்கிற இடத்துக்கே கூட்டிப் போய்ப் படிக்கவைக்கப் போகிறாராம்.

போனை நீட்டினேன். அப்போதுதான் முதல் தடவையாக அவள் குழவி நின்றது. ரொம்ப நேரம் பார்த்தாள். "அங்கனயும் மாமனா?" என்றாள். ஆமா, இன்னும் பல வீட்டில் என்றேன். அவள் முகம் மலர்ந்தது. "நல்ல மனுசன், அக்கா. இல்லாத வீட்டுக்கெல்லாம் செய்யுதாவ." எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. "ஏம்மா, ஊரெல்லாம் ஒருத்தன் மாமனா நிப்பானா? நின்ன வீட்டுல ஒரு பிள்ளையும் இல்லையே, யோசிக்க மாட்டியா?" என்று கத்தினேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "அவரு மாமன் இல்லன்னா எம் மவளுக்கு நடந்தது சடங்கே இல்லக்கா. நான் யாருகூட அனுப்பியிருக்கேன் அப்போ?" என்றாள். அந்தக் கேள்வியை அவளால் அதற்கு மேல் நினைக்க முடியாது. குழவி மறுபடி உருண்டது. கடைசியில் ஒன்று மட்டும் சொன்னாள். "வேற மாமன் இருந்தா நான் ஏன் அவரத் தேடுதேன்? கொண்டாங்க. நாளைக்கே அவர வேண்டாங்கேன்."

அது நியாயம். வேறொரு மாமன் வேண்டும், அவ்வளவுதானே. எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். பாங்க் அதிகாரி, தேவாரம் பாடாமல் காபி குடிக்க மாட்டான். அன்றைக்கே அவன் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அரை நாள் வேலை, ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து ஒரு மாலை போட்டால் ஒரு பிள்ளை தப்பும் என்றேன். அவன் பேப்பரை மடித்து வைத்தான்.

"உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா? இன்னைக்கு மாமன்னு நின்னா நாளைக்கும் மாமன்னுதான் கூப்பிடும்."

"கூப்பிட்டா என்னலே?"

"அவங்க யாரு, நாம யாரு? நம்ம ஆள்க காதுல விழுந்தா எம் மவளுக்கு மாப்பிள்ள வருமா? வேணும்னா நல்ல பட்டுச் சேலையா ஒண்ணு எடுத்துத் தாரேன். நீயே கொண்டு குடு."

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். யாருடைய சதை எதற்கு ஆடும் என்று அன்று தெரிந்துகொண்டேன். அவன் பெண்டாட்டி இலை போட்டுவிட்டுக் கூப்பிட்டாள். சாப்பிடாமல் எழுந்து வந்தேன். கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டேன், அந்தத் தெருவிலேயே நாலு பெரிய மனிதர்களைக் கேட்டேன். ஒருவருக்கு அன்று கோயில் கொடை விழா, ஒருவருக்கு மூட்டு வலி, ஒருவர் வெளிப்படையாக "அது அவிய சாதி வழக்கம், அதுல நாம தலையிடப்படாது" என்றார். இந்த ஆற்றங்கரை முழுக்க அவளுக்கு முறை சொல்ல முன்வந்த ஆள் ஒருவன்தான். அவள் எந்தச் சாதி என்று அவன் கேட்கவில்லை. அவன் வியாபாரத்தில் அது கிடையாது.

மிச்சம் இருந்தது அதிகாரிகள். குழந்தைகள் நலனைப் பார்க்கிற அலுவலகத்துக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். சடங்கன்று வருகிறோம் என்றார்கள், சொன்னபடி வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் தெருவை அடைத்துப் பந்தல். மேளம் முன்னால் வர, தட்டுகள் பின்னால் வர, நடுவில் அவர் வந்தார். நேரில் பார்க்கும்போது படத்தில் இருப்பதைவிடச் சாந்தமான முகம். அவருக்குப் பக்கத்தில் மூத்தவள் நடந்து வந்தாள். கழுத்தில் ஏதோ தையல் பயிற்சி நிலையத்தின் அடையாள அட்டை. ஆல்பத்தில் பார்த்த கொழுகொழுவென்ற பிள்ளை இல்லை அது. கன்னம் ஒட்டி, நடக்கும்போதே இருமிக்கொண்டு வந்தாள். அந்தம்மா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். ரெண்டு பேரும் காதோடு காதாக என்னவோ பேசினார்கள். அதன் பிறகு அந்தம்மா முகத்தில் ஒரு மாறுதல் இருந்தது.

ஜீப் வந்து நின்றது. அதிகாரி அவரிடம் நீங்கள் யார் என்று கேட்டார். அவர் வாயைத் திறக்குமுன் அந்தம்மா குறுக்கே வந்து நின்றாள். "எங்கூடப் பொறந்த அண்ணன் சார்" என்றாள். நான் அதிர்ந்துபோய் அவள் கையைப் பிடித்தேன். கையை உதறினாள். மூத்தவளைத் தனியே கூப்பிட்டு விசாரித்தார்கள். "தையல் படிக்கேன். நல்லா இருக்கேன்" என்று அட்டையைக் காட்டினாள். சின்னவளுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கிவிட்டதாக அவர் சொன்னார். தாய் சொல்கிறாள், பிள்ளை சொல்கிறது, மாமன் சிரிக்கிறார். இதில் எதை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது? ஜீப் போய்விட்டது.

போட்டோக்காரர் கூப்பிட்டார். அந்தம்மா என்னிடம் வந்தாள். "எனக்காக ஒரு போட்டோக்கு நில்லுங்கக்கா. எம் பக்கத்துக்கு வேற யாரு இருக்கா?" என்றாள். கண் கலங்கியிருந்தது. கையை உதறினவள்தான். ஆனாலும் அப்படிக் கேட்கிறவளிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? சின்னவளுக்கு ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நான். "மேடம், கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோக்காரர்.

கை கழுவுகிற இடத்தில் மூத்தவளைப் பிடித்தேன். "ஏட்டி, உன் தங்கச்சிய அனுப்பாதன்னு உங்கம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுட்டி. ஜீப்பைத் திரும்பக் கூப்பிடுதேன்." அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவ வந்தாத்தான் என்னைய விடுவாவளாம்." என்னது என்றேன். "பதிலுக்கு ஆளு விட்டாத்தான் வெளிய விடுவாவ. அங்க எல்லாருக்கும் அப்படித்தான்." இருமல் வந்தது. முடிந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போய்விட்டாள்.

நேராக அந்தம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் பாயசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "தெரியும். காலையிலயே சொல்லிட்டா" என்றாள். "தெரிஞ்சுமா அண்ணன்னு சொன்னே? பாவி!" அடுத்த இலைக்கு நகர்ந்தாள். "பைய பேசுங்கக்கா. பெரியவ இன்னும் ஒரு வருசம் தாங்க மாட்டா. சின்னவ தாங்குவா. ரெண்டுல ஒண்ணாவது எங்கிட்ட இருக்கணும்லா."

இவளைத் திட்டவா? மாமன் முறைக்கு ஒரு ஆளைக் கொண்டுவரத் துப்பில்லாத நான் எந்த வாயால் திட்டுவது? அதிகாரிக்கு மட்டும் போன் போட்டேன். பெண்ணோ தாயோ எழுதிக் கொடுத்தால் உடனே வருகிறோம் என்றார்கள். ரெண்டு பேரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார் வந்தது. பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சின்னவள் ஏறியதும் அவர் மூத்தவளையும் ஏறச் சொல்லியிருக்கிறார். "சின்னது பழகுற வரைக்கும் அக்கா கூட இருக்கட்டும் தங்கச்சி. தனியா விட்டா அழும்லா" என்றாராம். அந்தம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் போயிருக்கிறாள். பிறகு கதவு சாத்திக்கொண்டது. நான் போனபோது மாவு காய்ந்து வெடித்துக் கிடந்தது. அவள் என்னைப் பார்க்காமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது எழுதிக் கொடுத்தாள். கார் போன மில்லின் பெயர் மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அட்டையிலிருந்த பயிற்சி நிலையத்தைத் தேடிப் போன அதிகாரிகள் அந்த விலாசத்தில் ஒரு சைக்கிள் கடையைத்தான் பார்த்தார்கள்.

அறிக்கை வெளிவந்தது. வழவழப்பான தாள், நல்ல கட்டு. தாமிரபரணிக் கரைப் பிள்ளைகள் பெரும்பாலும் உறவினர் துணையோடு பாதுகாப்பாக வெளியூர் செல்கிறார்கள், இந்த உறவுப் பிணைப்பை அரசு ஊக்குவிக்கலாம் என்று அதில் ஒரு பரிந்துரை. சார் எனக்கு ஒரு பிரதி அனுப்பியிருந்தார். இதற்காகத்தான் வெயிலில் அலைந்தேன் என்று நினைத்தபோது, அதை ஆற்றில் வீசலாமா என்று இருந்தது. வீசவில்லை. ஆறு என்ன பாவம் செய்தது?

ஆய்வு முடிந்தும் நான் அலைவதை விடவில்லை. மாமன் பெயர் இல்லாத போர்டைக் கண்டால் பஸ்ஸிலிருந்து இறங்கி அந்த வீட்டைத் தேடிப் போவேன். போன மாதம் முக்கூடலில் அப்படி ஒரு போர்டு, வெயிலில் வெளுத்துப்போய்த் தொங்கியது. வீட்டுக்காரி என்னைக் கண்டதும் சிரித்த முகமாய் வாசலுக்கு வந்துவிட்டாள். நான் யாரென்று இன்னும் சொல்லக்கூட இல்லை.

"வாங்கக்கா, வாங்க. உங்களத் தெரியுமே. மாமா போன்ல போட்டோ காட்டினாவ. கல்லிடைக்குறிச்சிப் பிள்ள சடங்குல அவிய பக்கத்துல நிக்கிய, சிரிச்சுக்கிட்டு. சர்க்கார் ஆளே கூட நிக்காவன்னு பாத்த பெறவுதான் எனக்குப் பயம் தெளிஞ்சிது."

பிள்ளை எங்கேம்மா என்று கேட்டேன்.

"நேத்துத்தான் கூட்டிட்டுப் போனாவ" என்றாள். "உள்ள வந்து உக்காருங்க. தண்ணி குடிங்க. ஆல்பம் வந்துட்டு, எடுத்துட்டு வாரேன்."